தைப்பிங் முதல் கமுந்திங் வரை: சிறையும் குடும்பமும்



பேராக் மாநிலத்தின் வரலாற்றை மாணவர்களுக்குக் கற்பிக்கும்போது ஈயச் சுரங்கங்களைப் பற்றிக் கூறுகிறோம். இரப்பர்த் தோட்டங்களைப் பற்றிக் கூறுகிறோம். 1885ஆம் ஆண்டில் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டிற்கும் இடையே ஓடிய நாட்டின் முதல் இரயிலைப் பற்றியும் கூறுகிறோம். அந்த இரயில் ஓடத் தொடங்குவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, அதாவது 1879இல், அதே தைப்பிங் நகரில் ஒரு சிறைச்சாலை எழும்பிவிட்டது என்பதை மட்டும் பெரும்பாலும் கூறாமல் கடந்து விடுகிறோம். சிறை என்றாலே நம் சமுதாயத்திற்கு ஒரு கூச்சம் உண்டு. “அவன் உள்ளே போயிருக்கிறான்” என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவதே நம் வழக்கம்.

எனினும் தைப்பிங், பத்து காஜா, தாப்பா, கமுந்திங் ஆகிய பெயர்கள் நம் குடும்பங்கள் பலவற்றின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கின்றன. சிறையின் வரலாறு உள்ளே இருந்தவர்களின் வரலாறு மட்டுமன்று. வெளியே கடிதத்திற்காகவும் சந்திப்பு நாளுக்காகவும் காத்திருந்த தாய், மனைவி, பிள்ளைகள் ஆகியோரின் வரலாறும் அதுவே. அந்தத் தொடர்பு எவ்வாறு காக்கப்பட்டது, எவ்வாறு அறுந்தது, அதில் ஆசிரியர்களாகிய நமக்கு என்ன பங்கு உண்டு என்பனவற்றைச் சற்றே ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொலைவு என்னும் இரண்டாம் தண்டனை

தைப்பிங் சிறை தொடங்கப்பட்ட காலத்தில் சிறைவாசம் என்பது உடலை வருத்தும் தண்டனையாகவே இருந்தது. கைதிகள் கல் உடைத்தனர். பிற்காலத்தில்தான் அச்சு வேலை, பிரம்பு பின்னுதல், தையல், தச்சு போன்ற தொழில்கள் அங்கு நுழைந்தன.

1896ஆம் ஆண்டில் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு மாநிலங்களும் இணைந்து கூட்டு மலாய் மாநிலங்கள் ஆயின. அதன் பின்னர், அந்நான்கு மாநிலங்களிலும் நீண்ட காலத் தண்டனை பெற்றவர்கள் தைப்பிங்கிற்கே அனுப்பப்பட்டனர். நிர்வாகத்திற்கு அது வசதியான ஏற்பாடாக இருந்திருக்கலாம். ஆனால், பகாங் மாநிலத்தில் ஒரு மூலையில் வாழ்ந்த குடும்பத்திற்கு அது என்ன பொருள் தந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நாட்கூலி பெறும் தாயொருத்தி மகனைக் காண வேண்டுமென்றால் பல நாள் வேலையை விட வேண்டும். பயணச் செலவுக்குக் கடன் வாங்க வேண்டும். நீதிபதி விதித்தது மகனுக்கு மட்டுமே. தொலைவு விதித்த தண்டனையோ குடும்பம் முழுவதற்கும் உரியதாயிற்று.

இன்று உலக நாடுகள் இதனை உணர்ந்துள்ளன. 1955இல் உருவாக்கப்பட்டு, 2015இல் திருத்தப்பெற்று, ‘நெல்சன் மண்டேலா விதிகள்’ என்று அழைக்கப்படும் ஐக்கிய நாடுகள் சபையின் நெறிமுறைகள் இரண்டு கருத்துகளை வலியுறுத்துகின்றன. கைதி தம் குடும்பத்தோடும் நண்பர்களோடும் கடிதம் வழியாகவும் நேர்ச் சந்திப்பு வழியாகவும் முறையாகத் தொடர்பு கொள்ள இடமளிக்க வேண்டும் என்பது ஒன்று. இயன்றவரையில் கைதியை அவர்தம் இல்லத்திற்கு அருகிலுள்ள சிறையிலேயே வைக்க வேண்டும் என்பது மற்றொன்று.

தோட்டத்துப் பிரட்டும் சிறைச்சாலைப் பிரட்டும்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் ‘பிரட்டு’ என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. விடியுமுன் தொழிலாளர்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் வழக்கம் அது. ‘பரேட்’ என்னும் ஆங்கிலச் சொல்லே நம் பாட்டன்மார் நாவில் பிரட்டு ஆயிற்று. சிறையிலும் விடியலில் முதலாவதாக நடப்பது தலை எண்ணிக்கைதான். இந்த ஒற்றுமை தற்செயலானதன்று. தொடக்க காலத்தில் தோட்டத்திற்கும் சிறைக்கும் இடையிலிருந்த சுவர் மிக மெல்லியது.

ஒப்பந்தக் கூலிகளாக இங்கு வந்த தமிழர்கள் ஒப்பந்தக் காலம் முடியுமுன் தோட்டத்தை விட்டு வெளியேறினால் அது குற்றமாகக் கருதப்பட்டது. பிடிபட்டவர்கள் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டுச் சிறைக்கும் அனுப்பப்பட்டனர். இன்றைய நாளில் வேலையை விட்டு நின்றால் சம்பளம் போகும். அன்று விடுதலையே போயிற்று. மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவரும் முறை 1910இல்தான் நிறுத்தப்பட்டது. ஆகவே, நம் முன்னோர்களில் சிறை கண்டவர்கள் அனைவரும் திருடியவர்களோ அடித்தவர்களோ அல்லர். வேலைக் கொடுமை தாளாமல் ஓடியதே பலர் செய்த குற்றம்.

அக்காலத்தில் ஒருவர் சிறைக்குச் சென்றால் ஊரில் இருக்கும் குடும்பத்திற்கு யார் செய்தி அனுப்புவது? எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் லயத்தில் மிகச் சிலரே. கிராணியிடம் போய் நிற்க அச்சம். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. தோட்டம்தோறும் ஒரு வாத்தியார் வந்தார். பகலில் பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னா சொல்லித் தந்த அதே வாத்தியார், மாலையில் பெரியவர்களுக்குக் கடிதம் எழுதித் தந்தார். வந்த கடிதங்களைப் படித்தும் காட்டினார். பிறப்பு, இறப்பு, திருமணம், கடன், சிறை என அத்தனை செய்திகளும் அவர் கைப்பட எழுதப்பட்டன. ஆசிரியப் பணியின் இந்தப் பகுதியை நம் வரலாற்று நூல்கள் போதிய அளவு பதிவு செய்யவில்லை என்பது என் கருத்து.

பாப்பான் தந்த வீரத்தாய்

ஈப்போவிலிருந்து சற்றுத் தொலைவில் உள்ளது பாப்பான் என்னும் சிற்றூர். அதன் முதன்மைச் சாலையில் 74ஆம் எண் வீட்டில் வாழ்ந்தவர் சிபில் கார்த்திகேசு. இவர் 1899இல் சுமத்ராவின் மேடான் நகரில் பிறந்தவர். பயிற்சி பெற்ற தாதி. தைப்பிங்கில் பிறந்த தமிழ் மருத்துவராகிய டாக்டர் கார்த்திகேசுவை 1919இல் மணந்து, ஈப்போவில் கணவரோடு மருந்தகம் நடத்தி வந்தார். ஜப்பானியர் படையெடுப்பின்போது குடும்பம் பாப்பானுக்குக் குடிபெயர்ந்தது.

அங்கே ஜப்பானியருக்கு எதிராகப் போராடிய காட்டுப் படையினருக்கு இவர் மறைவாக மருத்துவம் செய்தார். தடை செய்யப்பட்ட வானொலியை ஒளித்து வைத்து வெளியுலகச் செய்திகளையும் கேட்டறிந்து பரப்பினார். 1943இல் கெம்பெத்தாய் எனும் ஜப்பானிய இராணுவக் காவல் படை அக்குடும்பத்தைப் பிடித்துச் சென்றது. சிபில் கொடிய வதைகளுக்கு ஆளானார். ஆயினும் எவர் பெயரையும் வெளியிடவில்லை. அதன் பின்னர் அவர்கள் கையாண்ட முறையை ஆசிரியர்களும் பெற்றோர்களும் கூர்ந்து நோக்க வேண்டும். ஏறக்குறைய ஏழு வயதே ஆன அவருடைய மகளைக் கொண்டுவந்து, தாயின் கண்ணெதிரே மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே தீ மூட்டுவதாக அச்சுறுத்தினர். அக்குழந்தை உயிர் பிழைத்தது. தாய் வாய் திறக்கவில்லை.

இக்கொடுமையை நான் இங்கு நினைவூட்டுவதற்கு ஒரு காரணம் உண்டு. சிறைப்பட்டவரை அசைக்கக்கூடிய கயிறு எது என்பதை வதைப்பவன் நன்கறிந்திருந்தான். பசியாலும் அடியாலும் முடியாததைப் பிள்ளையைக் காட்டி முடிக்கலாம் என்று கணக்கிட்டான். சிறைப்பட்டவரைத் தாங்கி நிற்கும் உறவும் அதே கயிறுதான். வதைப்பவன் அறிந்த உண்மையை, அன்பு செய்ய வேண்டிய நாம் அறியாமல் இருக்கலாகாது.

ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டுப் பத்து காஜா சிறையில் அடைக்கப்பட்ட சிபில், 1945இல் ஜப்பான் சரணடைந்த பின்னரே வெளியே வந்தார். சிகிச்சைக்காகப் பிரிட்டனுக்குக் கொண்டு செல்லப்பட்டார். ‘ஜார்ஜ் பதக்கம்’ அவருக்கு வழங்கப்பட்டது. 1948 ஜூன் 12ஆம் நாள், வதையின்போது பட்ட காயத்தின் விளைவாக, ஸ்காட்லாந்தில் காலமானார். பின்னர் அவர் உடல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு நல்லடக்கம் செய்யப்பட்டது. அவருடைய நினைவுக் குறிப்புகள் 1954இல் ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்தன. ஈப்போவில் அவர் பெயரால் ஒரு சாலையும் உள்ளது. அச்சாலையில் செல்லும்போது பிள்ளைகளுக்கு அவரைப் பற்றிச் சொல்லுங்கள்.

கம்பிவேலிக்குள் அடைபட்ட லயங்கள்

சிபில் மறைந்த நான்காம் நாள், 1948 ஜூன் 16இல், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதனைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 வரை நீடித்தது. விசாரணையின்றித் தடுத்து வைக்கும் அதிகாரம் அரசுக்குக் கிடைத்தது. ஆயிரக்கணக்கானோர் தடுப்பு முகாம்களுக்குச் சென்றனர். தோட்டத் தொழிற்சங்கங்களில் ஈடுபட்டிருந்த தமிழர்களும் அவர்களுள் அடங்குவர். தைப்பிங்கில் மறுவாழ்வு முகாம் ஒன்று நடத்தப்பட்டது. தடுத்து வைக்கப்பட்ட இந்தியர்களுள் பலர் நாடு கடத்தப்பட்டனர். 1950இல் பிரிக்ஸ் திட்டம் வந்த பிறகு, சிதறிக் கிடந்த லயங்கள் ஒன்று சேர்க்கப்பட்டுக் கம்பிவேலிக்குள் வந்தன. காட்டிலுள்ளோர்க்கு உணவு போய்ச் சேரக்கூடாது என்பதற்காக, பால்மரம் வெட்டச் செல்வோர் சோற்றை வெளியே எடுத்துச் செல்லவும் பல இடங்களில் தடை விதிக்கப்பட்டது.

நான் வளர்ந்த தோட்டத்தில் ஒரு மூதாட்டி இருந்தார். அவர் கணவர் அக்காலத்தில் முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டவர். “கடுதாசி வரும் தம்பி. உறை ஏற்கெனவே பிரிச்சிருக்கும். வாத்தியார் படிச்சுக் காட்டுவார். ‘நலம், நலமறிய ஆவல்’ அப்படின்னு முடிஞ்சிரும். ஆனா அந்தக் கையெழுத்தைப் பார்த்தாலே போதும், ஆள் உசுரோட இருக்காருன்னு தெரியும்” என்று ஒரு முறை என்னிடம் சொன்னார். எழுத்தறியாத அந்தப் பாட்டிக்குக் கடிதத்தின் பொருளைவிடக் கடிதம் வந்ததே பெரிது. நலமாக இருக்கிறார் என்பதற்கு அவரிடமிருந்த ஒரே சான்று அந்தக் கையெழுத்து.

கமுந்திங்: முடிவு தெரியாத காத்திருப்பு

அவசரகாலம் முடிந்த ஆண்டிலேயே, 1960இல், உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் (இசா) நடப்புக்கு வந்தது. அச்சட்டத்தின்கீழ் ஒருவரைக் காவல் துறை 60 நாள்கள் வரை தடுத்து வைக்கலாம். பின்னர் அமைச்சரின் ஆணைப்படி ஈராண்டுகள் தடுத்து வைக்கலாம். அந்த ஈராண்டுகளை மீண்டும் மீண்டும் நீட்டிக்கலாம். அவ்வாறு தடுத்து வைக்கப்பட்டோர்க்கென 1970களில் தைப்பிங்கின் அருகே உருவானதே கமுந்திங் தடுப்பு முகாம்.

அரசியல் சரி, தவறுகளுக்குள் புகுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. குடும்பத்தின் பக்கத்திலிருந்து மட்டும் பார்ப்போம். தண்டனைக் கைதியின் பிள்ளை நாள்காட்டியில் ஒரு நாளைக் குறித்து வைத்துக் காத்திருக்கலாம். இசா கைதியின் பிள்ளைக்கு அந்த வாய்ப்பும் இல்லை. இரப்பர் விலை வீழ்ச்சியால் வாடிய பாலிங் விவசாயிகளின் போராட்டத்தையடுத்து 1974 டிசம்பரில் கைதானார் பேராசிரியர் சையது ஹுசின் அலி. அவர் வெளியே வந்தது 1980இல். அந்தக் காலத்தில் வளர்ந்த பிள்ளைகள் தந்தையைக் கண்டதெல்லாம் சந்திப்பு அறையில்தான்.

1987 அக்டோபரில் நடந்த ‘லாலாங் நடவடிக்கை’யில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதாயினர். அவர்களுள் ஒருவர் வழக்கறிஞர் கர்ப்பால் சிங். 1988 மார்ச் 9ஆம் நாள் ஈப்போ உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஆனால் ஒன்பது மணி நேரத்திற்குள் அவர் மீண்டும் கைது செய்யப்பட்டார். உள்ளே இருந்தவர் எப்படியோ தாங்கிக் கொள்வார். வீட்டில் விளக்கேற்றி, உணவு சமைத்து வைத்துக் காத்திருந்த குடும்பத்திற்கு அந்த ஒன்பது மணி நேரம் எத்தகையது? 1989 சனவரியில்தான் அவர் இறுதியாக வீடு திரும்பினார்.

நம் சமுதாயத்தின் நினைவில் இன்னும் பசுமையாக இருப்பது 2007ஆம் ஆண்டு. நவம்பர் 25ஆம் நாள் ஹிண்ட்ராப் பேரணி நடந்தது. டிசம்பர் 13இல் உதயகுமார், மனோகரன், கெங்காதரன், கணபதிராவ், வசந்தகுமார் ஆகிய ஐவரும் இசாவின்கீழ்க் கைதாகிக் கமுந்திங் சென்றனர். 2008 மார்ச் மாதப் பொதுத்தேர்தலில், முகாமில் இருந்தபடியே மனோகரன் சிலாங்கூரின் கோத்தா ஆலாம் ஷா சட்டமன்றத் தொகுதியில் வென்றார். அந்த நாள்களில் கோயில்களில் மெழுகுவத்தி ஏற்றிக் கூட்டு வழிபாடுகள் நடந்தன. 2009 ஏப்ரலில் இருவரும், மே மாதத்தில் எஞ்சிய மூவரும் விடுதலையாயினர். 2012இல் இசா நீக்கப்பட்டு, அதனிடத்தில் சோஸ்மா சட்டம் வந்தது.

இந்த ஐவருக்காக ஊரே திரண்டது. அவர்கள் குடும்பங்களைச் சமுதாயம் தாங்கியது. நன்று. அதே காலத்தில் திருட்டு, போதைப்பொருள், கைகலப்பு என்ற வழக்குகளில் உள்ளே இருந்த நம் இளைஞர்களின் தாய்மாருக்காக எவரும் மெழுகுவத்தி ஏற்றவில்லை. குற்றத்தை நாம் ஆதரிக்க முடியாது. ஆனால் கம்பிக்கு வெளியே நிற்கும் குழந்தை எந்தக் குற்றமும் செய்யவில்லையே!

உலகம் தரும் பாடங்கள் மூன்று

முதலாவது, நம் வ.உ.சி. 1908இல் அவருக்கு விதிக்கப்பட்ட இரட்டை ஆயுள் தண்டனை மேல்முறையீட்டில் ஆறாண்டாகக் குறைந்தது. கோவைச் சிறையிலும் கண்ணனூர்ச் சிறையிலும் இருந்தார், கோவையில் செக்கிழுத்தார். தீர்ப்பைக் கேட்ட அவர் தம்பி மீனாட்சிசுந்தரம் மனநலம் குன்றினார், இறுதிவரை மீளவில்லை. 1912 டிசம்பரில் வ.உ.சி. வெளியே வந்தபோது வரவேற்க வந்தோர் மிகச் சிலரே. தீர்ப்பு குடும்பத்தின் மீதும் விழுகிறது என்பதும், சிறைவாயில் திறக்கும் நாளில் ஆள் வேண்டும் என்பதும் இவ்வரலாறு கற்பிக்கும் பாடங்கள்.

இரண்டாவது, ஜவகர்லால் நேரு. 1930 அக்டோபரில் நைனி சிறையில் இருந்தபோது, மகள் இந்திராவின் 13ஆம் பிறந்தநாளை ஒட்டி ஒரு கடிதம் எழுதத் தொடங்கினார். 1933 ஆகஸ்டு வரையில் வெவ்வேறு சிறைகளிலிருந்து எழுதியவை 196 கடிதங்கள். 1934இல் அவை உலக வரலாற்று நூலாக வெளிவந்தன. பொம்மையோ புத்தாடையோ வாங்கித் தர முடியாத நிலையில், தமக்குத் தெரிந்ததை மகளுக்குச் சொல்லித் தர முடியும் என்று அவர் கண்டுகொண்டார். சிறையில் இருந்தாலும் தந்தை தந்தையாகவே இருக்கலாம்.

மூன்றாவது, நெல்சன் மண்டேலா. 1964இல் ராபன் தீவுக்கு ஆயுள் கைதியாகச் சென்றபோது ஆறு மாதத்திற்கு ஒரு கடிதம், ஒரு சந்திப்பு என்பதே அவருக்கு விதிக்கப்பட்ட அளவு. இரண்டு வயதுக்கு மேல் பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் தந்தையைக் காண வரக்கூடாது என்பதும் விதி. 1968இல் தாயும் 1969இல் மூத்த மகனும் இறந்தபோது இறுதிச் சடங்கிற்குச் செல்ல அனுமதி கிட்டவில்லை. 1969இல் மனைவி வின்னியும் கைதாகவே, இளம் பெண்மக்கள் இருவரும் தாய் தந்தை இருவரையும் பிரிந்தனர். அவர்களுக்கு மண்டேலா கடிதங்கள் எழுதினார். பல கடிதங்கள் போய்ச் சேரவில்லை. ஆயினும் எழுதுவதை அவர் நிறுத்தவில்லை. படியெடுத்தும் வைத்துக் கொண்டார். 2018இல் அவருடைய 255 சிறைக் கடிதங்கள் நூலாயின.

உள்ளே இருப்பவருக்கு எது தேவை?

சிறை வாழ்க்கையைத் திரைப்படங்களைக் கொண்டு நாம் கற்பனை செய்கிறோம். சிறைமீண்டோர் பலர் சொல்வதைக் கேட்டால், சண்டையைவிட அவர்களை வாட்டுவது ஒரே மாதிரியான நாள்கள்தாம். எண்ணிக்கை, உணவு, வேலை, மீண்டும் எண்ணிக்கை, பூட்டு. எப்போது உண்பது, எப்போது உறங்குவது, எப்போது கதவு திறப்பது என்பவற்றுள் எதையும் கைதி தீர்மானிப்பதில்லை. வெளியுலகில் தாம் மறக்கப்பட்டுவிட்டோம் என்ற எண்ணம் மெல்ல வேரூன்றுகிறது. அந்த நிலையில், “தம்பிக்கு முன்பல் விழுந்துவிட்டது, வாசல் மாமரம் பூத்திருக்கிறது” என்னும் இரண்டு வரிகள் ஒரு வாரத்திற்குப் போதுமான உணவாகின்றன.

இது வெறும் உணர்ச்சிப் பேச்சன்று. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலச் சிறைத்துறை, 2003 முதல் 2007 வரை விடுதலையான 16,420 பேரை ஆராய்ந்து 2011இல் முடிவுகளை வெளியிட்டது. உறவினரோ பிறரோ வந்து சந்தித்தவர்கள், அவ்வாறு எவரும் வந்து காணாதவர்களைவிட, மீண்டும் பெருங்குற்றத்தில் சிக்கித் தண்டனை பெறும் வாய்ப்பு 13 விழுக்காடு குறைவு என்று அது கண்டது. நம் நாட்டிலும் 2008 முதல் பரோல் முறை உள்ளது. வெளியே வந்தால் தங்க ஓர் இல்லமும் ஏற்க ஒரு குடும்பமும் உண்டா என்பது அங்கு முக்கியமான கேள்வி. தொடர்பை அறுத்துவிட்ட குடும்பம் அக்கேள்விக்கு என்ன விடை கூறும்?

வகுப்பறையில் நம் பொறுப்பு

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ‘என் அப்பா’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னேன். மாணவன் ஒருவன், தந்தை சிங்கப்பூரில் பெரிய கப்பலில் வேலை செய்வதாக ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தான். மறுவாரம் அவன் தாயார் என்னைக் காண வந்தார். கணவர் சிறையில் இருக்கிறார். பிள்ளையிடம் சிங்கப்பூர் என்று சொல்லியிருக்கிறோம். ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் உண்மையைச் சொல்லிவிட்டார்கள். அவனுக்கும் தெரியும், தெரியாதது போல எழுதுகிறான் என்று கண்கலங்கினார். எட்டு வயதுப் பிள்ளை தாயின் மனம் நோகாதிருக்கத் தானும் பொய்யைக் காத்து வந்திருக்கிறான்!

தாயே அவனிடம் உண்மையைக் கூறட்டும் என்று முடிவு செய்தோம். பின்னர் அவன் தந்தைக்குக் கடிதம் எழுதினான். எழுத்துப் பிழைகளை நான் திருத்தவில்லை. தோட்டத்து வாத்தியார்கள் செய்த பணியின் ஒரு சிறு துளி எனக்கும் வாய்த்தது என்றே அதனைக் கருதுகிறேன்.

மலேசியா 1995இல் ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 9ஆம் விதி, பெற்றோரைப் பிரிந்த குழந்தை அவர்களோடு நேரடித் தொடர்பு கொள்ளும் உரிமையைச் சொல்கிறது. பெற்றோர் சிறையில் இருந்தால், எங்கிருக்கிறார் என்ற தகவலைக் குடும்பத்திற்குத் தர வேண்டிய கடமையையும் அது பேசுகிறது. ‘செசமி ஸ்திரீட்’ என்னும் குழந்தைகள் நிகழ்ச்சிகூட 2013இல் தந்தை சிறையில் இருக்கும் சிறுவன் ஒருவனைப் பொம்மைக் கதாபாத்திரமாகப் படைத்தது. ஆகவே, இது பேசக் கூடாத பொருளன்று.

என் பட்டறிவில் கண்ட சிலவற்றை ஆசிரியர்கள், பெற்றோர்களின் சிந்தனைக்கு வைக்கிறேன்.

1. பிள்ளையின் வயதுக்கேற்ற உண்மையைக் கூறுங்கள். “அப்பா சட்டத்தை மீறினார், அதற்காகச் சிறையில் இருக்கிறார், உன்மீது அன்பு வைத்திருக்கிறார், இதில் உன் தவறு ஏதுமில்லை” என்ற நான்கு செய்திகள் போதும்.

2. விசாரணைக் கைதிக்கும் தண்டனைக் கைதிக்கும் சந்திப்பு விதிகள் வேறுபடும். நாள், நேரம், தேவையான ஆவணங்கள், காணொலிச் சந்திப்புக்கு வழி உண்டா என்பவற்றை முன்கூட்டியே அந்தந்தச் சிறை நிர்வாகத்திடம் கேட்டறியுங்கள். கேட்காமல் சென்று வாயிலில் திரும்பும் ஏமாற்றம் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

3. கடிதங்களை அதிகாரிகள் படிப்பார்கள். வழக்கு விவரங்களைத் தவிர்த்து வீட்டுச் செய்திகளை எழுதுங்கள். பிள்ளை வரைந்த ஓவியமும் கடிதமே. அனுப்பத் தகுந்தது எது என்பதையும் கேட்டுக் கொள்ளுங்கள்.

4. ஆசிரியர்கள் ‘தந்தையர் தினம்’ போன்ற நடவடிக்கைகளில், “உனக்குப் பிடித்த பெரியவர் ஒருவர்” என்று தலைப்பை விரித்துக் கொடுக்கலாம். ஒரு பிள்ளை தனித்து நிற்காது.

5. வருமானம் நின்றுபோன குடும்பம் அது. சமூக நலத்துறை உதவிக்கும் பள்ளியின் உணவுத் திட்டத்திற்கும் விண்ணப்பிக்க வழிகாட்டுங்கள். ஆசிரியர் அறையில் அக்குடும்பத்தைப் பற்றிப் பேசாதிருப்பதும் ஓர் உதவியே.

2020இல் கோவிட் நோய்க்காலத்தில் சிறைச் சந்திப்புகள் நிறுத்தப்பட்டபோது, நாம் அனைவரும் வீட்டில் அடைபட்டிருந்தோம். உறவினரைக் காண முடியாத தவிப்பு எத்தகையது என்பதை நாடே சில மாதங்கள் உணர்ந்தது. சில குடும்பங்களுக்கு அது ஆண்டுக்கணக்கில் நீளும் தவிப்பு.

தைப்பிங் சிறை இன்றும் இயங்குகிறது; தாப்பாவும் இயங்குகிறது. அங்கிருப்போரின் பிள்ளைகள் நம் தமிழ்ப்பள்ளிகளில் படிக்கிறார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகவும் செம்பனைத் தோட்டங்களாகவும் மாறிவிட்டன, லயங்கள் மறைந்தன, கடிதம் எழுதித் தந்த வாத்தியார்களும் மறைந்தார்கள். அவர்கள் செய்த பணிக்கு இன்னும் தேவை இருக்கிறது. உங்கள் வகுப்பில் அத்தகைய பிள்ளை ஒருவர் இருந்தால், இந்த வாரமே ஒரு தாளையும் ஓர் உறையையும் எடுத்துக் கொடுங்கள்.